டி.வி.யில் வானிலை சொல்லும் வேலை: உள்ளே என்ன இருக்கிறது?

பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரொம்பச் சின்ன வயசுல ரமணன் சாரை டி.வி.யில் பார்த்ததிலிருந்து வானிலை மேல ஆசை. அமெரிக்காவுல டி.வி.யில் வானிலை சொல்றதே ஒரு தனித் தொழிலாமே. அதுக்கு என்ன படிக்கணும், வேலை எப்படி இருக்கும், அதை நம்பி வாழ முடியுமா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரமணன் செய்த வேலை வேறு, அமெரிக்க சேனல்களில் வானிலை சொல்பவர்கள் செய்யும் வேலை வேறு. ரமணன் அரசு விஞ்ஞானி. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார். சேனல்கள்தான் நுங்கம்பாக்கத்துக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போயின. அவருக்குச் சம்பளம் கொடுத்தது இந்திய வானிலை ஆய்வுத் துறை. கேமரா முன் பேசுவது அவருடைய பொறுப்புகளில் ஒன்று, அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்படியில்லை. பெரும்பாலான உள்ளூர் சேனல்கள் மூன்று நான்கு வானிலைப் பட்டதாரிகளைத் தாங்களே வேலைக்கு வைத்திருக்கும். அவர்களில் மூத்தவர் 'சீஃப் மெட்டியராலஜிஸ்ட்'. மாலை, இரவுச் செய்திகள் அவருக்கு. விடியற்காலை ஒருவர், சனி ஞாயிறு ஒருவர். அரசின் நேஷனல் வெதர் சர்வீஸ் எச்சரிக்கை விடும், ரேடார் தரவும் பலூன் தரவும் எல்லாருக்கும் இலவசம். அதை வைத்துத் தன் ஊருக்குத் தன் கணிப்பைச் சொல்வது இவர்கள் வேலை.

வானிலையைப் படித்து அதிலேயே பல வருடம் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இந்தப் பதிலில் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். நாளை மழை வருமா என்பதைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. வானிலையைக் கணக்குப் போட்டுக் கணிக்கும் கணினி நிரலை 'மாதிரி' என்போம். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற மாதிரி ஒரு நாளைக்கு 4 முறை ஓடுகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியும் இருக்கிறது. இரண்டையும் உங்கள் போனிலேயே பார்க்கலாம். கேட்டவர் எழுந்து கதவைப் பூட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போகிறாரா என்பதுதான் டி.வி.காரருக்கு உண்மையான பரீட்சை.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் மயாமி நகரின் பிரையன் நார்கிராஸ். 1992 ஆகஸ்ட் 24 அதிகாலை ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் அருகில் கரையைக் கடந்தது. சூறாவளிகளை வலுவை வைத்து ஐந்து வகையாகப் பிரிப்பார்கள், ஐந்துதான் உச்சம். அன்று அதை நான்காம் வகை என்றார்கள். பத்து வருடம் கழித்து மறு ஆய்வு செய்து ஐந்தாம் வகை என்று மாற்றினார்கள். 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். நார்கிராஸ் அன்று டபிள்யூ.டி.வி.ஜே. சேனலில் தொடர்ந்து 23 மணி நேரம் பேசினார். காற்று உச்சத்துக்கு வந்தபோது ஸ்டுடியோவை விட்டுக் கட்டடத்துக்குள்ளேயே பாதுகாப்பான ஒரு கிடங்கு அறைக்குப் போய், அங்கிருந்து ஒளிபரப்பைத் தொடர்ந்தார்கள்.

அந்த இரவில் மக்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, கரண்ட் போனால் டி.வி. போய்விடும் என்று யோசித்து, ஒலியை ஓர் எஃப்.எம். வானொலியிலும் போட முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். இருட்டில் பேட்டரி ரேடியோவோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் கேட்டது. இரண்டாவது, அவர் சொன்ன விஷயம். காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நிறுத்தவில்லை. வீட்டின் நடுவே ஜன்னல் இல்லாத சின்ன அறைக்கோ அலமாரி அறைக்கோ போங்கள், மெத்தையை இழுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கூரை பிய்த்துக்கொண்டு போகும் நேரத்தில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அதுதான். அப்படியே செய்து பிழைத்தோம் என்று பின்னால் எத்தனையோ பேர் சொன்னார்கள். புயல் வருவதற்கு முன்பே, ஊரில் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, கூரை போனால் எந்த மூலை நிற்கும், மின்சாரம் போனால் எப்படிப் பேசுவது என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்தால்தான் அந்தப் பேச்சு வாயில் வரும்.

இதே பேச்சு தவறிப்போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் 2013 மே 20 அன்று மூர் என்ற ஊரை டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று, தாக்கி 24 பேர் இறந்தார்கள். பதினோரு நாள் கழித்து, மே 31 மாலை, எல் ரீனோ பக்கம் இன்னொன்று. அகலம் சுமார் 4.2 கிலோமீட்டர். அதுவரை அளந்ததிலேயே பெரியது. மக்கள் ஏற்கெனவே நடுங்கிப்போயிருந்தார்கள். அப்போது ஒரு சேனலில், காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுங்கள் என்று சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வர, நெடுஞ்சாலைகள் அப்படியே நின்றுவிட்டன. காருக்குள் இருப்பதுதான் டொர்னாடோவில் மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. அந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அனுபவமுள்ள டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமராஸும் அவர் மகனும் சக ஆய்வாளர் ஒருவரும் அதில் அடக்கம். அந்தச் சுழல் ஸ்தம்பித்த நெடுஞ்சாலை மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி துறையில் இன்றும் பேசப்படுகிறது. நேரலையில் யோசிக்காமல் விழும் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. கேமரா முன் நிற்க ஆசைப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

இனி தினசரி வேலை. ஸ்டுடியோவில் வானிலை சொல்பவருக்குப் பின்னால் வரைபடமே இருக்காது. பளீரென்ற ஒரு பச்சைச் சுவர், அவ்வளவுதான். அந்தப் பச்சை நிறத்தை மட்டும் கணினி நீக்கிவிட்டு அங்கே வரைபடத்தைப் பொருத்தும். அதனால் பச்சை உடுத்த முடியாது. உடுத்தினால் உடம்பிலும் மேகம் ஓடும். இரண்டு ஓரங்களிலும் கேமராவுக்குப் பக்கத்திலும் மானிட்டர் இருக்கும். அதில் தெரியும் தன் உருவத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வெற்றுச் சுவரில் சரியான ஊர் மேல் விரலை வைக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சின்ன கிளிக்கர். அதை அழுத்தினால் அடுத்த படம் வரும். செய்தி வாசிப்பவருக்கு எதிரே எழுத்து ஓடும். வானிலைக்காரருக்குப் பெரும்பாலும் எழுத்தே கிடையாது, படத்தைப் பார்த்துத் தானாகப் பேசுவதுதான். காதில் தயாரிப்பாளர் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பார். முந்தைய செய்தி நீண்டுவிட்டால் முதலில் வெட்டு விழுவது வானிலைக்குத்தான். மூன்று நிமிடத்துக்குத் தயாரானதை ஒன்றரை நிமிடத்தில் முடிக்கணும். சில நாள் அதையே நான்கு நிமிடத்துக்கு இழுக்கணும். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது.

காலை நிகழ்ச்சிக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மாதிரிகளைப் பார்த்துக் கணிப்பைத் தயார் செய்து, அன்றைக்கான படங்களையும் பெரும்பாலும் தானே செய்து முடித்து, நாலரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரலை. முடிந்ததும் இணையதளம், ஆப், சமூக வலைத்தளம், சில இடங்களில் வானொலியும் சேர்த்து. பண்டிகை, விடுமுறை கிடையாது. ஊரே மூடிக்கிடக்கும் பனிப்புயல் நாளில்தான் இவர்கள் கட்டாயம் வந்தாக வேண்டும். குடும்பத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் விளம்பரம், சீரியல், விளையாட்டு எல்லாம் நிறுத்தி முழுநேர ஒளிபரப்பு. அதற்கும் திட்டு விழும். 2019-ல் அட்லாண்டாவில் ஒரு கோல்ஃப் போட்டியின் ஒளிபரப்பை இடையில் நிறுத்தி எச்சரிக்கை சொன்ன பெண்ணுக்குக் கொலை மிரட்டலே வந்தது.

அலபாமாவின் ஜேம்ஸ் ஸ்பான் பல பத்தாண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு சஸ்பெண்டர் பட்டையோடு நின்றால் நிலைமை மோசம் என்று அந்த மாநிலத்துக்கே தெரியும். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய ஊர் அறிவு. சுழல் நகரும் பாதையை மாவட்டப் பெயரோடு விட்டுவிட மாட்டார். இந்தக் கடை, இந்தச் சர்ச், இந்தக் குறுக்கு ரோடு என்று சொல்வார். 'மாவட்டத்தின் வடக்குப் பகுதி' என்று கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். தன் தெருமுனைக் கடையின் பெயர் காதில் விழுந்தால் அடுத்த நொடி எழுந்துவிடுவார்கள். மழையில்லாத மாதங்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவதையும் அவர் விடவில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி அவர் சொல்வதைக் கேட்கிறார்கள்.

அப்படியிருந்தும் 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவை ஒரே நாளில் 62 டொர்னாடோக்கள் தாக்கின. அந்த மாநிலத்தில் மட்டும் 230-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டஸ்கலூசா நகரைச் சுழல் நெருங்குவது கேமராவில் நேரலையாகத் தெரிந்தது. எச்சரிக்கையும் முன்பே போயிருந்தது. கணிப்பு அளவில் அது வெற்றி. அந்த நாளைப் பற்றி ஸ்பான் அப்படிப் பேசுவதில்லை. முன்பெல்லாம் விட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்த்ததால் மக்கள் அலட்சியமானது, வீட்டுக்குள் கேட்காத சைரனை நம்பி இருந்தது, தலைக்காயத்தைத் தடுக்கும் ஹெல்மெட் பற்றி யாரும் சொல்லாதது என்று காரணங்களைத் தேடி, அதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். புயலுக்கு ஹெல்மெட் போடுங்கள் என்ற அறிவுரை அதற்குப் பிறகுதான் பரவலானது.

பெண்கள் இந்தத் துறைக்கு வந்த வழியையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தக் கேள்வியை எத்தனையோ தங்கைகளும் படிப்பார்கள். 1950-களில் அமெரிக்க சேனல்கள் அழகுக்காகவே பெண்களை வரைபடத்தின் முன் நிறுத்தின. வானிலை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் முறையாக வானிலை அறிவியல் படித்துப் பட்டம் வாங்கியவர் ஜூன் பேக்கன்-பெர்சி என்ற கறுப்பினப் பெண். இதெல்லாம் வேண்டாம், ஹோம் சயின்ஸ் எடு என்று அங்கே அவருக்கு அறிவுரை சொன்னார்கள். அவரோ வெப்ப இயக்கவியலில்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கினார். அரசு வானிலைத் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1970 வாக்கில் பஃபலோ நகர சேனல் ஒன்றில் அறிவியல் செய்தியாளராகச் சேர்ந்தார். டி.வி.யில் வானிலை சொல்ல அவருக்கே தயக்கம். பெண் என்றால் காட்சிப்பொருளாக்கிவிடுவார்கள் என்ற நியாயமான பயம். அந்தச் சேனலில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர் வங்கிக் கொள்ளை வழக்கில் கைதாக, திடீரென்று இவரை நிறுத்தினார்கள். வெயில் கொளுத்தப் போகிறது என்று இவர் கணித்தார், கொளுத்தியது. வேலை நிலைத்தது, சீஃப் மெட்டியராலஜிஸ்ட் ஆனார். அமெரிக்க வானிலைச் சங்கத்தின் ஒளிபரப்புத் தரச் சான்றிதழைப் பெற்ற முதல் பெண் இவர்தான். 1977-ல் ஒரு டி.வி. வினாடி வினாவில் 64,000 டாலர் வென்று, அந்தப் பணத்தை வைத்து வளிமண்டல அறிவியல் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை தொடங்கினார். என் கண்ணில் இந்தத் தொழிலின் பெரிய மனுஷி இவர்.

வாழ்க்கை ஓட்டுவது பற்றிக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். அமெரிக்காவில் டி.வி. சந்தைகள், அதாவது ஒளிபரப்புப் பகுதிகள், 210. முதலிடம் நியூயார்க், கடைசி மொன்டானா மாநிலத்தின் கிளெண்டைவ். பட்டம் வாங்கி வெளியே வருபவர் பட்டியலின் அடியிலிருந்து தொடங்குவார். சம்பளம் குறைவு. இரண்டு மூன்று வருட ஒப்பந்தம். விலகினால் அதே ஊரில் போட்டிச் சேனலில் கொஞ்ச காலம் சேரக் கூடாது என்ற நிபந்தனை பலருக்கு உண்டு. அதனால் மேலே போக வேண்டுமானால் ஊர் மாறியே ஆகணும். பெரிய நகரத்தில் சீஃப் ஆனவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இருபது, முப்பது வருடம் எழுந்திருக்க மாட்டார் என்பதால் காலியிடம் அபூர்வம்.

இதற்கு மேல் இப்போது ஒரு புது பயம். 2025 ஜனவரியில் ஆலன் மீடியா குழுமம் தன் உள்ளூர் சேனல்களின் வானிலைப் பிரிவுகளைக் கலைத்து, அட்லாண்டாவில் உள்ள வெதர் சேனலிலிருந்தே எல்லா ஊருக்கும் வானிலை சொல்லப்போவதாக அறிவித்தது. மக்கள் கொதித்ததில் சில ஊர்களில் பின்வாங்கினார்கள். செலவுக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனாலும் இது தவறான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறுக்கு ரோட்டின் பெயரும் தெருமுனைக் கடையின் பெயரும் அட்லாண்டாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினாலும் விலை உண்டு. ஐயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் கிறிஸ் குளோனிங்கர் என்பவர் அன்றாட வானிலையோடு புவி வெப்பமாதலையும் சேர்த்துச் சொன்னார். மிரட்டல் மின்னஞ்சல் வந்தது, மன உளைச்சல் தாங்காமல் 2023-ல் வேலையை விட்டார். இன்னொரு பக்கம், 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளியின் காற்றழுத்தம் 10 மணி நேரத்தில் 50 மில்லிபார் இறங்கியதைச் சொல்லும்போது மயாமியின் ஜான் மொராலஸ் நேரலையில் குரல் உடைந்து மன்னிப்புக் கேட்டார். அழுத்தம் அவ்வளவு வேகமாக இறங்கினால் புயல் அதே வேகத்தில் வலுக்கிறது என்று பொருள். முப்பது வருடத்துக்கு மேல் பதற்றமில்லாமல் பேசியவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர். அந்த எண்ணின் பொருள் புரிந்த எங்களில் யாருக்கும் அது நடிப்பாகத் தெரியவில்லை.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பட்டமே இல்லாமல் நகைச்சுவையாகப் பேசிப் பிழைத்தவர்கள் உண்டு. இப்போது பெரும்பாலான சேனல்கள் வானிலைப் பட்டம் கேட்கின்றன. ஓக்லஹோமா, பென் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. மிசிசிப்பி ஸ்டேட்டில் ஒளிபரப்பு வானிலைக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. அதன் பிறகு அமெரிக்க வானிலைச் சங்கம் தரும் சான்றிதழ். அதற்குப் பட்டம், எழுத்துத் தேர்வு, தான் செய்த ஒளிபரப்பின் பதிவு மூன்றும் வேண்டும்.

நம் ஊரில் இருந்துகொண்டு கேட்பதால் இதையும் சொல்லணும். தமிழ் சேனல்களில் வானிலைக்கென்று பட்டதாரி ஒருவரை முழுநேரமாக வைக்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. செய்தி வாசிப்பவரே ஆய்வு மையத்தின் அறிக்கையை வாசிக்கிறார். புயல் வந்தால் மையத்தின் இயக்குநரை நேரலையில் பிடிக்கிறார்கள். எனவே இங்கே பத்திரமான வழி அரசு வானிலைத் துறைதான். பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ முடித்துவிட்டு, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், புனே பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. வானிலை அல்லது வளிமண்டல அறிவியல் படிக்கலாம். வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டன்ட் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. தேர்வு நடத்தும், 2022-ல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அந்த வேலைக்கு இயற்பியல் பட்டதாரிகளும் போகலாம். கால்குலஸுக்குப் பயந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். காற்று நகர்வதைச் சொல்லும் சமன்பாடுகள்தான் முழுப் படிப்பும்.

டி.வி. ஆசையை அதற்காக விட்டுவிட வேண்டாம். இங்கே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த ஊருக்கு 'அதிகனமழைக்கு வாய்ப்பு' என்ற அறிக்கை எதைச் சொல்லும்? 20 செ.மீ.க்கு மேல் எது பெய்தாலும் அதிகனமழைதான். அறிக்கையில் வரும் 'ஓரிரு இடங்களில்' என்பதற்கும் கணக்கு உண்டு: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? சிவப்பு எச்சரிக்கை என்றால் வீட்டில் என்னென்ன செய்யணும், தாமிரபரணியில் தண்ணீர் ஏறினால் முதலில் எந்தத் தெரு முங்கும் என்று படித்த ஒருவர் ஊர் பேச்சில் சொல்ல வேண்டிய இடம் இது. அறிக்கைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் இல்லை.

தம்பி, பிளஸ் டூ முடியும் வரை இதைச் செய்யுங்கள். தினமும் சாயந்திரம் உங்கள் ஊருக்கு மறுநாள் வானிலை என்னவென்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: மழை உண்டா, எத்தனை மணிக்கு, அதிகபட்ச வெப்பம் எவ்வளவு. செயற்கைக்கோள் படமும் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களும் வானிலைத் துறை இணையதளத்திலேயே இருக்கின்றன. மறுநாள் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதி, தப்பானால் ஏன் என்று ஒரு வரி. பிறகு அதை வீட்டில் பாட்டிக்கோ அம்மாவுக்கோ ஒரு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். 'மேலடுக்குச் சுழற்சி' என்று வாயெடுத்தால் அவர்கள் முகத்தைப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும். துணி காயப்போடலாமா, நெல்லை அள்ளணுமா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லப் பழகுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும், நோட்டை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.